அல்புவேரா 1811: தெற்கிலிருந்து வருவார்கள் என்று தெரிந்த பிறகு எப்படி ஆடுவது?

ஏப்ரல் 6, காலை 7.50 (கேள்வி)

பொம்மைப் படைகளை வைத்துப் பழைய போர்களை மேசையில் ஆடுகிறோம். ஆறுக்கு நாலு அடி மேசை. 15 மி.மீ. பொம்மைகள், இரண்டு தரப்பும் சேர்த்து அறுபது பட்டாலியன் தேறும். 1811 மே 16 அன்று ஸ்பெயினில் பிரெஞ்சுப்படையும் பிரிட்டிஷ், ஸ்பானிய, போர்த்துகீசிய நேசப்படையும் மோதிய அல்புவேராவை எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே கதை. முதல் சுற்றிலேயே நேசப்படை ஆட்டக்காரர் மொத்தப் படையையும் தெற்கே திருப்பிவிடுகிறார். பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் சூல்ட் பக்கவாட்டில் வந்தார் என்பது இந்தப் போரைப் பற்றி ஒரு பக்கம் படித்தவருக்கும் தெரியும். எதிரே வரிசை கட்டிக் காத்திருந்தால் பிரெஞ்சுத் தரப்புக்கு அங்கே வேலையே இல்லை. என் கட்சி இதுதான்: எதிர்பாராத தாக்குதலால் உருவான போரை மேசையில் திரும்ப ஆட முடியாது. முடியும் என்பவர்கள் வழி சொல்லுங்கள்.

ஏப்ரல் 6, இரவு 9.15

முடியும். கிராமத்துக்கு எதிரே வந்த பிரெஞ்சுக்காரர் கோதினோவின் பிரிகேடை (சில பட்டாலியன் சேர்ந்தது) வெறும் பாவனைக்கு நிறுத்தியிருப்பீர்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அன்று காலை நேசப்படைத் தளபதி பெரஸ்ஃபோர்டின் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த படாஹோஸ் கோட்டையை நேசப்படை முற்றுகையிட்டிருந்தது. அதை உடைக்க செவிலிலிருந்து சூல்ட் வருகிறார். படாஹோஸ் போகும் சாலை அல்புவேரா கிராமத்துப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. காலை எட்டு மணி வாக்கில் அந்தப் பாலத்தின் மேல் கோதினோ பீரங்கியோடு இறங்குகிறார். அவருக்குப் பின்னால் வெர்லேயின் பெரிய பிரிகேடும் அதே திசையில் வருகிறது. அந்த இடத்தில் நீங்கள் நின்றாலும் கிராமம்தான் இலக்கு என்பீர்கள். வெர்லே பாதி வழியில் இடப்பக்கம் திரும்பி, தெற்கே தாக்கப் போன 5ஆம் கோரின் (இரண்டு டிவிஷன் சேர்ந்த பெரும்படை) பின்னால் சேர்ந்துகொண்டது பிறகுதான்.

மேசையில் கிராமம் உண்மையிலேயே பறிபோகக்கூடியதாக இருந்தால்தான் நேசப்படை ஆட்டக்காரர் தெற்கே திரும்பத் தயங்குவார். கோதினோவுக்கு முன்னேறும் உரிமையே கொடுக்காமல் வைத்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

ஏப்ரல் 7, காலை 6.40

முதலில் நிலம், பிறகு மற்றது.

தெற்கிலிருந்து இரண்டு சிற்றாறுகள் வருகின்றன: நொகாலெஸ், சிக்காபியெர்னா. கிராமத்துக்குச் சற்றுத் தெற்கே இரண்டும் கூடி அல்புவேரா ஆறாக வடக்கே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த மேடு. பிரெஞ்சு 5ஆம் கோர் அந்த மேட்டின் மறைவில்தான் தெற்கே நகர்ந்தது. ஆற்றின் மேற்குக் கரையில், வடக்கு தெற்காக நீளும் தாழ்ந்த முகட்டில் நேசப்படை கிழக்கு பார்த்து நிற்கிறது. வடக்கே ஹாமில்டனின் போர்த்துகீசியர், நடுவே கிராமத்தை ஒட்டி ஸ்டூவர்ட்டின் 2ஆம் டிவிஷன், தெற்கே பிளேக்கின் ஸ்பானியர். கிராமத்துக்குள், பிரிட்டிஷ் படையில் இருந்த ஆல்டனின் ஜெர்மன் லீஜியன் லைட் பட்டாலியன்கள் இரண்டு. பின்னால் கோலின் 4ஆம் டிவிஷன்.

அளவு: 1 செ.மீ. என்பது 25 மீட்டர். 180க்கு 120 செ.மீ. மேசையில் 4.5க்கு 3 கிலோமீட்டர் அடங்கும். நீளப்பக்கத்தை வடக்கு தெற்காக வையுங்கள். கிராமத்தை வட ஓரத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்தால் தெற்கு மேட்டுக்குப் போதிய இடம் கிடைக்கும். கிராமத்தை நட்டநடுவில் வைப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை. அப்படி வைத்தால் பிரெஞ்சுப்படை சுற்றி வர மேசையில் இடம் மிஞ்சாது, மேசை ஓரத்தில் முட்டிக்கொண்டு வருவார்கள்.

ஒரு சுற்று 20 நிமிடம். காலை 8 முதல் மதியம் 2 வரை 18 சுற்று. எதிரிக்கு 40 செ.மீ. அப்பால் சாலை நடை 30 செ.மீ., அதற்குள் வந்துவிட்டால் நெடுவரிசை 16, வரிசை 12, குதிரைப்படை 30. மஸ்கட் துப்பாக்கி 5 செ.மீ., பீரங்கியின் சிதறுகுண்டு 12, உருண்டைக்குண்டு 36. பட்டாலியனுக்கு 3 செ.மீ. அடித்தட்டு (பொம்மைகளை ஒட்டும் தட்டு) இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரிசை, ஒன்றின் பின் ஒன்று வைத்தால் நெடுவரிசை.

ஏப்ரல் 7, இரவு 10.30

காலையில் எழுதிய கடைசி வரியைத் திருத்த வேண்டும். பட்டாலியனுக்கு இரண்டு அடித்தட்டு என்பது பிரிட்டிஷுக்குச் சரி, பிரெஞ்சுக்குத் தவறு.

கணக்கு இதுதான். ஒரு வீரனுக்கு வரிசையில் ஏறக்குறைய 55 செ.மீ. அகலம். பிரிட்டிஷார் இரண்டு அடுக்கு. 550 பேர் என்றால் முன்வரிசையில் 275 பேர், 150 மீட்டர், மேசையில் 6 செ.மீ. இரண்டு அடித்தட்டு கச்சிதம். பிரெஞ்சுக்காரர் மூன்று அடுக்கு. 5ஆம் கோரின் ஜிரார் டிவிஷனில் 9 பட்டாலியனில் சுமார் 4,250 பேர், கசான் டிவிஷனில் 10 பட்டாலியனில் சுமார் 4,200 பேர். பட்டாலியனுக்குச் சராசரி 440 என்று வைத்தாலும் வரிசையில் 80 மீட்டர்தான், மேசையில் 3.2 செ.மீ. அதற்கு 6 செ.மீ. கொடுத்தால் 5ஆம் கோர் நிஜத்தைவிட இரண்டு மடங்கு அகலமாகிவிடும். மேட்டுக்கு மேலே முட்டிமோதி நெரிந்தது என்ற விஷயமே காணாமல் போகும். அந்த நெரிசல்தான் இந்தப் போரின் உயிர்.

ஆகவே பிரெஞ்சுப் பட்டாலியன் இரண்டை ஒரு யூனிட்டாகச் சேருங்கள். 5ஆம் கோரின் 19 பட்டாலியன் 10 யூனிட் ஆகும். நெடுவரிசைக்கும் இது பொருந்துகிறது. இரண்டு கம்பெனி அகல நெடுவரிசை 30 மீட்டர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, நடுவே இடைவெளி, மொத்தம் 75 மீட்டர், அதாவது ஒரு அடித்தட்டு. பொம்மைகளும் மிச்சம்.

ஸ்டூவர்ட்டின் டிவிஷனில் கோல்போர்னின் பிரிகேடில் மட்டும் ஒரு விலக்கு. 3ஆம் ரெஜிமென்ட், அதாவது பஃப்ஸ், 755 பேர். அதற்கு மூன்று அடித்தட்டு. மற்ற மூன்று பட்டாலியனும் 420 முதல் 450 பேர்தான், இரண்டு அடித்தட்டே கொஞ்சம் தாராளம்.

ஏப்ரல் 8, காலை 8.05 (கேட்டவர்)

அளவு புரிகிறது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. கிராமத்துக்கு நிஜமான ஆபத்து வைத்தாலும், மரங்களுக்குப் பின்னால் 8,000 பேர் இருப்பது ஆட்டக்காரருக்குத் தெரியுமே?

ஏப்ரல் 8, இரவு 8.50

8,000 பேர் இருப்பது தெரியட்டும், எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியக் கூடாது. அதற்கு அட்டைகள்.

10 க்கு 5 செ.மீ. அட்டை பத்து வெட்டிக்கொள்ளுங்கள். ஆறு நிஜம்: கோதினோ, வெர்லே, ஜிரார், கசான், லதூர்-மோபூரின் குதிரைப்படைக்கு இரண்டு. நாலு வெற்று. அடியில் எண் மட்டும். எண்ணுக்குரிய பட்டியல் நடுவர் கையில். நேசப்படை முதலில் நிற்க வேண்டிய இடங்களில் நிற்கும். பிரெஞ்சு ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு முன் மூன்றில் ஒரு திட்டத்தை எழுதி நடுவரிடம் தருவார்:

தெற்கே பிரதான தாக்குதல், கிராமத்தில் பாசாங்கு. இது வரலாற்றில் நடந்தது.
கிராமத்தின் வழியே பிரதான தாக்குதல், தெற்கே குதிரைப்படை மட்டும்.
இரண்டிலும் பாதிப்பாதி, நாலாவது சுற்றில் வெர்லே எந்தப் பக்கம் என்று முடிவு.

அட்டை திறக்கும் விதி: எதிரி 24 செ.மீ.க்குள் திறந்த வெளியில் இருந்தால், அல்லது மரங்களுக்குள் 6 செ.மீ.க்குள் இருந்தால். அதற்கு முன் கிடையாது.

இப்போது நேசப்படை ஆட்டக்காரர் முதல் சுற்றில் தெற்கே திரும்பினால் என்ன ஆகும்? பிரெஞ்சு இரண்டாவது திட்டம் என்றால் ஆறாவது சுற்றுக்குள் பாலம் போய்விடும், படாஹோஸ் சாலை திறந்துவிடும். அந்த பயம் இருந்தால் போதும்.

ஏப்ரல் 9, காலை 7.20

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: கட்டளை போய்ச் சேரும் நேரம். அட்டையைவிட இது முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்விளையாட்டில் தளபதி படையைக் கையால் நகர்த்துவதில்லை. சீட்டு எழுதி நடுவரிடம் கொடுப்பார். சீட்டு போய்ச்சேர எத்தனை நேரமாகும் என்று நடுவர் கணக்கிடுவார். அந்த ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும். டிவிஷன் திசை மாற வேண்டும் என்றால் சீட்டு. பெரஸ்ஃபோர்டின் பொம்மையிலிருந்து 40 செ.மீ.க்குள் இருந்தால் அடுத்த சுற்றில் நடக்கும், அப்பால் இருந்தால் அதற்கும் அடுத்த சுற்றில்.

பிளேக்குக்கு மட்டும் தனி. தெற்கே திரும்பும்படி பெரஸ்ஃபோர்ட் சொன்ன பிறகும் அவர் முழுப்படையையும் திருப்பவில்லை, கிராமத்துத் தாக்குதல்தான் நிஜம் என்று நினைத்தார். ஆகவே சீட்டு போன பின் ஒவ்வொரு சுற்றும் ஒரு பகடை: 4, 5, 6 விழுந்தால் கீழ்ப்படிவார். பெரஸ்ஃபோர்ட் பொம்மையே பிளேக்கின் பக்கத்தில் போய் நின்றால் கூட்டல் 1. எதற்கும் காத்திராமல், பிளேக்கின் கீழிருந்த சாயாஸின் நாலு பட்டாலியன் மட்டும் உடனே திரும்பலாம். அன்று முதலில் தெற்கு பார்த்து நின்றது அவர்கள்தான்.

ஏப்ரல் 9, பிற்பகல் 1.10

சாயாஸ் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலான விதித்தொகுப்புகளில் ஸ்பானியப் படை என்றாலே கடைசித் தரம், முதல் சூட்டிலேயே ஓட்டம். அல்புவேராவில் அப்படி வைப்பது அநியாயம். நாலு பட்டாலியன், எதிரே ஒரு முழு கோர். மேட்டின் மேல் நின்று சுட்டுக்கொண்டே இருந்தார்கள். குழப்பத்தில் பின்னாலிருந்து வந்த பிரிட்டிஷ் குண்டுகள் முதுகில் பட்டபோதுகூட இடத்தை விட்டு அசையவில்லை. அவர்கள் நிற்காமல் இருந்திருந்தால் ஸ்டூவர்ட் வந்து சேர நேரமே கிடைத்திருக்காது.

நான் கொடுக்கும் மதிப்பு: நிலைத்து நிற்பதில் பிரிட்டிஷ் லைனுக்குச் சமம், நகர்வதில் கடைசித் தரம். நின்ற இடத்தில் மனத்திடச் சோதனை 3க்கு மேல் விழுந்தால் தேறும். ஆனால் எதிரி 12 செ.மீ.க்குள் இருக்கும்போது அணிவகுப்பு மாற 5 அல்லது 6 வேண்டும். பயிற்சியில்லாத படைக்குச் சண்டை நடுவே திரும்பி அணி அமைப்பதுதான் கஷ்டம். துணிச்சலில் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. ஒரே எண்ணில் இரண்டையும் அடக்கும் விதிகளால் இதைக் காட்டவே முடியாது.

ஏப்ரல் 10, இரவு 11.00

மழை. இந்தப் போரை ஆடுகிறவர்கள் எல்லாம் சறுக்கும் இடம்.

கோல்போர்னின் நாலு பட்டாலியன் வரிசையாகி ஜிராரின் இடப்பக்கத்தைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுப்படை தள்ளாடுகிறது. அந்த நேரம் ஆலங்கட்டியோடு மழை கொட்டுகிறது, பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை, மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. மழைக்குள்ளிருந்து பிரெஞ்சுத் தரப்பின் போலந்து விஸ்துலா லான்சர்கள் (ஈட்டிக் குதிரைப்படை) ஏறக்குறைய 600 பேர், 2ஆம் ஹுசார் (இலகு குதிரைப்படை) 300 பேர் கோல்போர்னின் வலப்பக்கத்துக்குப் பின்னால் வந்து விழுந்தார்கள். முதலில் பஃப்ஸ், பிறகு 48, 66. இடக்கோடியில் இருந்த 31ஆம் ரெஜிமென்டுக்கு மட்டும் சதுரம் (நாலு பக்கமும் துப்பாக்கி நீட்டிக் குதிரைப்படையைத் தடுக்கும் அணி) கட்ட நேரம் கிடைத்தது, அது தப்பியது. 2,066 பேரில் ஏறக்குறைய 1,400 பேர் போனார்கள். பஃப்ஸ் கொடியைக் காக்க லெப்டினன்ட் லேத்தம் முகமும் கையும் வெட்டுப்பட்டும் விடவில்லை. ஒரு லான்சர் பெரஸ்ஃபோர்டையே குத்த வந்து, அவர் அவனைச் சேணத்திலிருந்து பிடுங்கி எறிந்ததும் இந்த அமளியில்தான்.

இதை மேசையில் கொண்டுவர "ஆறாவது சுற்றில் மழை" என்று எழுதிவைப்பார்கள். எழுதினால் ஐந்தாவது சுற்றிலேயே எல்லாரும் சதுரம் கட்டிவிடுவார்கள். அதற்குப் பதில் ஒரு கோப்பையில் ஆறு வில்லை, ஒன்று கறுப்பு. தெற்கு மேட்டில் முதல் மஸ்கட் சூடு நடந்த அடுத்த சுற்றிலிருந்து சுற்றுக்கு ஒன்று எடுங்கள், திரும்பப் போடாதீர்கள். முதல் சுற்றில் ஆறில் ஒரு வாய்ப்பு, அடுத்து ஐந்தில் ஒன்று, இப்படி ஆறு சுற்றுக்குள் மழை நிச்சயம். எப்போது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கறுப்பு வந்த சுற்றில்: பார்வை 6 செ.மீ., மஸ்கட் சூடு பகடையில் 6 விழுந்தால் மட்டும், குதிரைப்படை கண்ணில் படாமல் 30 செ.மீ. நகரலாம், பக்கத்திலோ பின்னாலோ தாக்கப்பட்ட வரிசை சதுரம் கட்ட 6 வேண்டும். அடுத்த சுற்றில் பார்வை திரும்பும், ஆனால் சூட்டில் கழித்தல் 1 இன்னொரு சுற்று நீடிக்கும்.

ஏப்ரல் 11, காலை 9.30 (கேட்டவர்)

நேசப்படை ஆட்டக்காரர் கோல்போர்னை அப்படி விடவே மாட்டார். வலது ஓரத்தில் ஒரு பட்டாலியனை நெடுவரிசையில் நிறுத்திவைப்பார். பேரழிவு நடக்காது. பிறகு அது அல்புவேராவா?

ஏப்ரல் 11, இரவு 10.10

ஆம், அல்புவேராதான்.

கோல்போர்ன் அன்று அதைத்தான் கேட்டார். வலது ஓரத்தைக் காப்பாக நெடுவரிசையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். ஸ்டூவர்ட் அவசரத்தில் ஒப்பவில்லை, எல்லாரையும் வரிசையாக்கிச் சுடச் சொன்னார். காரணம் இருந்தது: பஃப்ஸைக் காப்புக்கு வைத்தால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஜிரார் தள்ளாடும் கணத்தில் அந்தப் பங்கு பெரிது. ஆகவே உங்கள் ஆட்டக்காரர் முன்னே இருப்பதும் அதே தராசு. பஃப்ஸை வரிசையில் சேர்த்தால் மூன்று அடித்தட்டின் சூடு கூடுதல், மழைக்கு முன்னே ஜிரார் உடைய நல்ல வாய்ப்பு. காப்புக்கு வைத்தால் அந்த வாய்ப்பு பாதியாகும், ஆனால் லான்சர் வந்தால் தப்பலாம். வில்லைக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு அவர் முடிவெடுக்கட்டும்.

பஃப்ஸ் அழிந்தே தீர வேண்டும் என்று விதி எழுதுவது போரைத் திரும்ப ஆடுவதாகாது. ஸ்டூவர்ட்டுக்கு என்ன தெரிந்ததோ அது மட்டும் ஆட்டக்காரருக்குத் தெரிந்து, ஸ்டூவர்ட்டுக்கு இருந்த அவசரமும் இருந்தால், அவர் எந்தப் பக்கம் போனாலும் அது அந்தப் போர்தான்.

ஏப்ரல் 12, காலை 6.55

"ஜிரார் உடைய நல்ல வாய்ப்பு" என்று நேற்று எழுதினேன். மேட்டுச் சண்டையின் விதியைச் சொல்லாமல் அது அந்தரத்தில் நிற்கிறது.

ஜிராரின் அணி: நடுவே ஒரு பிரிகேட் நெடுவரிசையில், அதன் இருபுறமும் ஒவ்வொரு பட்டாலியன் வரிசையில், வெளி ஓரங்களில் உடனே சதுரமாகக்கூடிய நெடுவரிசைகள். மேசையில்: நடுவே நெடுவரிசை யூனிட் இரண்டு, ஓரங்களில் ஒவ்வொன்று. வரிசையில் இருந்த பட்டாலியன்களுக்குத் தனித்தனி அடித்தட்டு ஒன்று. மொத்த முகப்பு 20 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். கசான் 6 செ.மீ. பின்னால். இங்கேதான் தவறு நடந்தது. ஜிராரின் ஆட்கள் பின்வாங்க முயல, கசானின் ஆட்கள் ஊடே முன்னேற முயல, இரண்டும் சிக்கிக்கொண்டு விரிந்து வரிசையாக முடியாமல் போனது.

விதி: நெடுவரிசையிலிருந்து வரிசைக்கு மாற, சூட்டுக்குக் கீழ் 4 வேண்டும். பின்னால் 4 செ.மீ.க்குள் நம் யூனிட் ஒன்று இருந்தால் கழித்தல் 1, இரண்டு இருந்தால் கழித்தல் 2. ஊடே கடக்க அனுமதி உண்டு, கடந்தால் இரண்டு யூனிட்டும் அந்தச் சுற்றில் சுடக்கூடாது, இரண்டுக்கும் ஒரு குலைவுக் குறி. பிரெஞ்சு ஆட்டக்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கசானை 15 செ.மீ. பின்னால் வைக்க அவருக்கு உரிமை உண்டு. வைத்தால் நெரிசல் இல்லை, ஆனால் முதல் அடியில் பாரமும் இல்லை.

அடுத்தது சோர்வு. கோல்போர்னுக்குப் பின் வந்த ஹோட்டனின் பிரிகேட், 29, 48, 57 ரெஜிமென்ட்கள், ஏறக்குறைய 1,650 பேர். மூன்றில் இரண்டு பங்கு பேரை இழந்தும் ஓடவில்லை. ஹோட்டன் கொல்லப்பட்டார். 57ஆம் ரெஜிமென்டின் கர்னல் இங்லிஸ் காயம்பட்டு விழுந்த இடத்திலிருந்தே வீரர்களைச் சாகத் துணிந்து நிற்கச் சொன்னதால்தான் அந்த ரெஜிமென்டுக்கு "டை ஹார்ட்ஸ்" என்ற பெயர். இரண்டு சுற்றில் உடையும் சாதாரண விதியில் இது வராது. ஆகவே யூனிட்டுக்கு நாலு குறி தாங்கும் திறன் என்றால் அல்புவேராவின் தெற்கு மேட்டில் ஆறு. எதிரி முன்னேறினால் மட்டும் மனத்திடச் சோதனை, நின்று சுட்டுக்கொண்டிருந்தால் சோதனை இல்லை. இரு தரப்புக்கும் பொது.

ஏப்ரல் 13, இரவு 9.40

கோலின் டிவிஷன். பெரஸ்ஃபோர்டிடமிருந்து கட்டளை வரவில்லை. இளம் அதிகாரி ஹார்டிங்க் வந்து இப்போது போகாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று தூண்டினார், கோல் தன் பொறுப்பில் கிளம்பினார். இதே ஹார்டிங்க்தான் 1844இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, பஞ்சாப் போரில் தானே களத்தில் நின்றவர்.

மேசையில்: கோல் 4ஆம் டிவிஷன் சாலைக்கும் குதிரைப்படைக்கும் துணையாக நிற்க வேண்டும். சீட்டு வந்தால் நகரும். சீட்டு இல்லையென்றால் பத்தாவது சுற்றிலிருந்து சுற்றுக்கு ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் தானே கிளம்பும். நேசப்படை ஆட்டக்காரர் சீட்டு அனுப்பிவிடுவாரே என்பீர்கள். அனுப்பட்டும். எதிரே லதூர்-மோபூர் கிட்டத்தட்ட 4,000 குதிரையோடு நிற்கிறார். இந்தப் பக்கம் லம்லியிடம் பிரிட்டிஷ் குதிரை 1,200ஐத் தொடாது, மிச்சம் ஸ்பானியரும் போர்த்துகீசியரும். கோல் சீக்கிரம் கிளம்பினால் திறந்த வெளியில் அத்தனை குதிரைக்கும் முன்னால் நடக்க வேண்டும்.

அன்று வலப்பக்கம் ஹார்வியின் போர்த்துகீசியப் பிரிகேட் சதுரம் கட்டாமல் வரிசையிலேயே நின்று குதிரைத் தாக்குதலைச் சூட்டால் விரட்டியது. அதன் மறைவில் மையர்ஸின் ஃப்யூசிலியர்கள், மூன்று பட்டாலியன், ஏறக்குறைய 2,000 பேர், வெர்லேயின் ஒன்பது பட்டாலியனைச் சந்தித்தார்கள். வென்றார்கள், பாதிப்பேர் விழுந்தார்கள், மையர்ஸும் விழுந்தார். போர்த்துகீசியருக்கும் ஸ்பானியருக்குச் சொன்ன அதே நியாயம்: ஹார்வியை இரண்டாம் தரமாக வைத்தால் இந்தக் காட்சியே வராது.

ஏப்ரல் 14, பிற்பகல் 3.20 (கேட்டவர்)

சம்மதம், என் கட்சியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் முகடு செய்வதில் தகராறு. தெர்மாகோல் அடுக்கினால் படிக்கட்டு மாதிரி நிற்கிறது, பொம்மை சரிகிறது. மேலே ஸ்ப்ரே அடித்தேன், ஓட்டை ஓட்டையாகக் கரைந்துவிட்டது.

ஏப்ரல் 14, இரவு 8.30

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து இரண்டு பூச்சு, நடுவே ஒரு இரவு காயவிட்டு, அதன் மேல் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுங்கள். வெட்டிய விளிம்பில் ஒரு ஊசிமுனை இடம் விட்டாலும் அங்கிருந்து கரையத் தொடங்கும், ஆகவே ஃபெவிகால் பூசியிருந்தாலும் ஸ்ப்ரே வேண்டாம்.

ஆனால் அல்புவேராவுக்கு தெர்மாகோலே தேவையில்லை. அது செங்குத்தான மலையல்ல, நடந்து ஏறினால் மூச்சு வாங்காத சரிவு. செய்தித்தாளைப் பத்துப் பத்து தாளாக மடித்து, மேலே போகப் போகச் சின்னதாக மூன்று அடுக்கு, அதன் மேல் கனமான பச்சைத் துணி ஒரே விரிப்பாக. மொத்த உயரம் 3 செ.மீ. தாண்ட வேண்டாம். துணி வழுக்கினால் அடியில் பாத்ரூம் மிதியடியின் ரப்பர் வலை. 15 மி.மீ. பொம்மை எந்த இடத்திலும் நிற்கும், சரிவு எங்கே தொடங்குகிறது என்பதைச் சாக்கட்டியால் மெல்லிய கோடாகப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தின் பாதி நேரம் மேட்டில் நிற்கிறானா கீழே நிற்கிறானா என்ற சண்டையில் போகும்.

லான்சர் ஈட்டி உடைவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதுதான் வரும். வார்ப்பு ஈயத்தில் ஈட்டி முஷ்டிக்கு மேலே மெலிந்து, இரண்டு முறை வளைந்து நிமிர்ந்தால் முறிந்துவிடும். முறியக் காத்திருக்க வேண்டாம். முஷ்டியின் இரு பக்கமும் ஈட்டியை நறுக்கி, 0.7 மி.மீ. ஊசித் துளைப்பானால் கையாலேயே மெதுவாகத் துளையுங்கள், மோட்டார் துளைப்பான் விரலைக் கிழித்துவிடும். சாதாரண குண்டூசியின் தலையைக் கொறடால் வெட்டினால் 25 மி.மீ. கிடைக்கும். நிஜ ஈட்டி இரண்டே முக்கால் மீட்டர், இந்த அளவுக்கு அதுவே சரி. ஃபெவிக்விக் ஒரு சொட்டு. கையில் குத்தும் என்பதால் முனையை அரத்தால் கொஞ்சம் மழுக்குங்கள். விஸ்துலா லான்சருக்குக் கருநீலம், முகப்பு மஞ்சள். 2ஆம் ஹுசாருக்குச் செம்பழுப்பும் வான்நீலமும். இந்த இரண்டு யூனிட்டையும் மட்டும் மற்றவற்றைவிட நிதானமாகத் தீட்டுங்கள்.

ஏப்ரல் 16, காலை 7.00

வெற்றி தோல்வி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அது இல்லாமல் ஆட்டம் முடியாது. கொன்ற கணக்கில் வைக்காதீர்கள். நேசப்படை ஏறக்குறைய 6,000 பேரை இழந்தது, அதில் 4,000க்கு மேல் பிரிட்டிஷார். பிரெஞ்சு இழப்பும் அதற்குக் குறையாது. கணக்குப் பார்த்தால் யார் வென்றார்கள் என்றே சொல்ல முடியாது. ஆனால் சூல்ட் திரும்பிப் போனார், படாஹோஸ் அப்போது மீளவில்லை.

ஆகவே 18ஆம் சுற்று முடிவில் படாஹோஸ் சாலை யார் கையில்? சாலையின் மேற்கு ஓரத்திலிருந்து 12 செ.மீ.க்குள் குலையாத பிரெஞ்சு யூனிட் மூன்று இருந்தால் சூல்ட் வெற்றி. இல்லையென்றால் பெரஸ்ஃபோர்ட். பெரஸ்ஃபோர்ட் விரும்பினால் எந்தச் சுற்றிலும் மேற்கே பின்வாங்கும் கட்டளை எழுதலாம், அப்போது சமன். அன்று அவர் அதை யோசித்ததும் உண்மை.

ஏப்ரல் 16, இரவு 11.25

மழை விதியில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. தெற்கு மேட்டில் மஸ்கட் சூடே நடக்காவிட்டால் வில்லை எடுக்கத் தொடங்குவதே இல்லை. பிரெஞ்சு ஆட்டக்காரர் இரண்டாவது திட்டத்தை எடுத்தால் மழையே வராது, கிராமத்தில் நாள் முழுக்க வெயில். ஆகவே இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: மேசையில் எங்கே முதல் மஸ்கட் சூடு நடந்தாலும், அதிலிருந்து மூன்று சுற்று விட்டு நாலாவதில் வில்லை தொடங்கும். கிராமத்துக்குள் வீட்டுக்கூரைக்குக் கீழ் இருக்கும் ஆல்டனின் ஆட்களுக்கு மழையிலும் 5, 6 இரண்டிலும் சூடு பலிக்கும், அவர்கள் மருந்து நனையாது.

ஏப்ரல் 10 குறிப்பில் இருப்பதை அடித்துவிட்டு இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 17, காலை 8.15 (கேட்டவர்)

எடுத்துக்கொண்டேன். நடுவர் ஒருவர் கிடைத்துவிட்டார். அட்டை பத்தும் வெட்டியாயிற்று. வெற்று அட்டைகள் எந்த வேகத்தில் நகரும்?

ஏப்ரல் 17, காலை 8.40

நெடுவரிசை வேகம் மட்டும். குதிரைப்படை வேகத்தில் ஓடவிட்டால் அதைப் பார்த்தே குதிரையா வெற்றா என்று பிரித்துவிடுவார்கள், திறக்கும்வரை குதிரைப்படை அட்டையும் அதே வேகம்தான்.